பொதுத்தேர்வில் கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கான சலுகைகள்

கரும்பலகையில் உள்ள 36 என்ற எண்ணை நோட்டில் 63 என்று எழுதிவிடும் மாணவி, அதே கணக்கை வாய்மொழியாகக் கேட்டால் சரியான விடையைச் சொல்லிவிடுவாள். இவளைக் கவனக்குறைவானவள் என்றோ மந்தம் என்றோ முத்திரை குத்துவது அநியாயம். படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா உள்ளிட்ட கற்றல் குறைபாடுகள், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் அடங்கும்.

தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மற்றும் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு போன்ற மாற்றங்களை அரசு செய்துதர வேண்டும் என்று அச்சட்டத்தின் 17ஆவது பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகளில் ஒரு மணி நேரம் கூடுதலாகவும், சொல்வதை எழுதுபவரும், ஒரு மொழிப்பாட விலக்கும் வழங்கப்படுகின்றன. பள்ளி தனியாருடையது என்பதால் இந்த உரிமை மாணவரை விட்டுப் போய்விடாது.

இதற்கு அடிப்படை மருத்துவச் சான்றிதழ். மத்திய அரசு 2018இல் வெளியிட்ட நெறிமுறை, 8 வயது நிறைந்த பிறகே சான்றளிக்க வேண்டும் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்றும் வகுத்தது. 14 வயது என்பது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பு. எனவே பழைய சான்றிதழை நம்பிக் காத்திராமல், அந்த ஆண்டிலேயே அரசு மருத்துவமனையில் பரிசோதனையை முடித்துத் தலைமையாசிரியரிடம் விண்ணப்பம் கொடுப்பது நல்லது. பொதுத்தேர்வுக்கான மாணவர் பட்டியல் தயாராகும் நேரத்தில் ஓடுவது, பிள்ளையின் உரிமையைப் பணயம் வைப்பதாகும்.

சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதத்தை எட்டவில்லை என்று காரணம் காட்டி யாரேனும் சலுகையை மறுத்தால் பெற்றோர் பின்வாங்க வேண்டாம். சொல்வதை எழுதுபவரைப் பெற அந்த அளவு நிபந்தனையாகாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் உள்ள 5 சதவீத இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் 40 சதவீதம் தேவை.

விடையைச் சொல்லி எழுதவைப்பதும் ஒரு பழக்கமே. நிறுத்தி, வாக்கியமாகச் சொல்லி, எழுதியதைப் படிக்கக் கேட்டுத் திருத்தும் முறையை மாணவர் பொதுத்தேர்வு அறையில் முதன்முதலாகச் சந்தித்தால் தடுமாறுவார். ஆகவே காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே வேறொருவரைக் கொண்டு எழுதவைக்கும் ஏற்பாட்டைப் பள்ளியிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.