எச்-சுட்டெண் 7: நரம்பியல் விஞ்ஞானி ஒருவரின் மேற்கோள் கணக்கை வாசிப்பது எப்படி?

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பதவிக்கும் பதவியுயர்வுக்கும் எழுதப்படும் விண்ணப்பங்களில் இப்படியொரு வரி பழகிப்போய்விட்டது: “மொத்த மேற்கோள்கள் 304, எச்-சுட்டெண் 7.” எந்தத் தரவுத்தளத்தில் எடுத்தது, எந்தத் திகதியில் எடுத்தது, தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியவையும் அதில் அடங்குமா என்ற விபரம் எதுவும் இருக்காது. மூடையில் எத்தனை கிலோ என்று கேட்காமல் அம்பாறையில் யாரும் நெல்லுக்கு விலை பேசுவதில்லை. ஒரு விஞ்ஞானியின் பல வருட உழைப்பை மதிப்பிடும்போது மட்டும் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறோம். மூளை, நரம்பு சார்ந்த துறைகளில் இதன் பாதிப்பு இன்னும் கூடுதல்.

முதலில் கணக்கு. ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை தன் உசாத்துணைப் பட்டியலில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். எச்-சுட்டெண்ணை 2005இல் முன்வைத்தவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். ஒருவரின் கட்டுரைகளைக் கூடிய மேற்கோளிலிருந்து குறைந்த மேற்கோள் வரை அடுக்குங்கள். வரிசை எண்ணைவிட மேற்கோள் எண்ணிக்கை குறையும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு முந்திய வரிசை எண்தான் எச். 12 கட்டுரைகள் எழுதிய ஒருவரின் மேற்கோள்கள் 145, 62, 31, 22, 14, 9, 8, 7, 4, 2, 0, 0 என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது கட்டுரைக்கு 8 மேற்கோள்கள், அது தேறும். எட்டாவதுக்கு 7தான், தேறாது. ஆகவே எச் 7. கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்கொலர், குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகளை எண்ணித் தரும் ஐ10 இவருக்கு 5.

இந்தப் பட்டியலிலிருந்து முதற் கட்டுரையை நீக்கிப் பாருங்கள். அது நூறு பேர் சேர்ந்து எழுதிய பன்னாட்டு ஆய்வு, இவருடைய பெயர் நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைப்போம். மொத்தம் 304இலிருந்து 159 ஆக விழுகிறது. எச் அசையவே இல்லை, அதே 7. மொத்தத்தை மட்டும் காட்டினால் கூட்டாய்வில் இடம்பிடித்தவர் பெரிதாகத் தெரிவார். எச்சை மட்டும் காட்டினால், அந்த 145 மேற்கோள் கட்டுரை அவர் தன் கையால் செய்த அரிய வேலையாக இருந்தாலும் காணாமற் போகும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இடையை, அதாவது சராசரியை, கணித்துப் பயனில்லை: இவருக்கு இடை ஏறத்தாழ 25, வரிசையின் நடுவில் நிற்கும் இடையம் வெறும் 8.5. மேற்கோள்கள் எப்போதும் இப்படி ஒரு பக்கம் சரிந்தே கிடக்கும்.

பெயர் பிரிந்தால் கணக்கும் பிரியும்

நம் பகுதி ஆய்வாளர்களின் எண்கள் பிழையாவதற்கு முதற் காரணம் பெயர்தான். தரவுத்தளங்கள் குடும்பப் பெயர் ஒன்றை எதிர்பார்க்கின்றன. நம்மிடம் அது இல்லை. தந்தை பெயர் கந்தையா, சொந்தப் பெயர் குமரன் என்றால், ஒரு ஆய்விதழ் “குமரன் கே.” என்று போடும், இன்னொன்று “கந்தையா கே.” என்று போடும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓரெழுத்து கூடினாலோ குறைந்தாலோ மூன்றாவது ஆள் ஒருவர் பிறந்துவிடுவார். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரோடு எழுதத் தொடங்கும் பெண் விரிவுரையாளர்களின் பழைய கட்டுரைகள் அப்படியே தனித்து நின்றுவிடும். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஆய்வாளர்கள் பலருக்கு மூன்று நான்கு முதலெழுத்துகள். அவற்றில் ஒன்றான “முகம்மது” குடும்பப் பெயராக எடுக்கப்பட்டால், உலகெங்கும் அதே பெயரில் எழுதுவோரின் கட்டுரைகளோடு இவருடையவை கலந்துவிடும்.

இதனால் எவ்வளவு இழப்பு? அதே 12 கட்டுரைகளும் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் இரண்டு ஆசிரியர் கணக்குகளாகப் பிரிந்திருக்கின்றன என்போம். ஒன்றில் 145, 31, 9, 8, 4, 0. மற்றதில் 62, 22, 14, 7, 2, 0. இரண்டிலும் தனித்தனியே எச் 4. உண்மையான எச் 7 ஆக இருக்க, தெரிவுக் குழுவின் முன்னால் 4 என்று தெரிகிறது. சிலர் இரண்டையும் கூட்டி 8 என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் பிழை. எச்-சுட்டெண்களைக் கூட்ட முடியாது. கட்டுரைகளை ஒரே பட்டியலில் சேர்த்துத்தான் திரும்பக் கணிக்க வேண்டும்.

திருத்தும் வழி ஓர்கிட் இலக்கத்தில் தொடங்குகிறது. 2012இலிருந்து வழங்கப்படும் இந்த 16 இலக்க ஆய்வாளர் அடையாளம் இலவசம். பெயர் எப்படி மாறினாலும் இலக்கம் மாறாது. ஓர்கிட் பக்கத்தில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் “வேறு பெயர்கள்” என்ற இடத்தில் பதிந்துவிடுங்கள். பிறகு ஸ்கோபஸில் ஆசிரியர் தேடலைத் திறந்து ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தேடுங்கள். இதற்குச் சந்தா தேவையில்லை. உங்களுடைய கணக்குகளைத் தெரிவுசெய்து ஒன்றாக்கும்படி அங்கிருந்தே கேட்கலாம், பிறருடைய கட்டுரை உள்ளே வந்திருந்தால் அகற்றவும் கேட்கலாம். கடைசியாக ஓர்கிட்டையும் ஸ்கோபஸையும் இணைத்துவிடுங்கள். இனி எழுதும் கட்டுரைகளில் ஒரே பெயர் வடிவத்தை மட்டும் பயன்படுத்துங்கள். இந்த ஒரு ஒழுக்கத்தை முதலாவது கட்டுரையிலிருந்தே கடைப்பிடிக்கும் மாணவருக்குப் பின்னால் இவ்வளவு வேலையும் மிச்சம்.

கூகுள் ஸ்கொலரில் பிழை மறுபக்கமாக வரும். அங்கே பிறருடைய கட்டுரைகள் தாமாகவே உங்கள் பக்கத்தில் ஏறும். அமைப்புகளில் தானியங்கிச் சேர்ப்பை நிறுத்தி, உங்களிடம் கேட்டபின் சேர்க்கும்படி மாற்றுங்கள். ஒரே கட்டுரை இரண்டு வரிகளில் வந்திருந்தால் இரண்டையும் குறியிட்டு ஒன்றாக்குங்கள். எண்ணுக்கு அருகில் நட்சத்திரக் குறி வந்தால் அது ஒன்றாக்கப்பட்ட கணக்கு என்று பொருள்.

நிறுவனத்தின் பெயரும் இப்படித்தான். ஆங்கிலத்தில் “ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டி” என்று மட்டும் எழுதினால் டாக்காவிலும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் அதே பெயரில் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒலுவில் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மிக நெருக்கமாகச் சீனாவின் நான்ஜிங்கில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் உண்டு. “ஸ்ரீ லங்கா” என்பது இரண்டு பெயர்களிலும் உத்தியோகபூர்வமான ஒரு பகுதி, அதை விட்டுவிடக் கூடாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கடமையாற்றிக்கொண்டே சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்திலும் கற்பிப்பவர்கள் இரண்டு நிறுவனங்களையும் தனித்தனி முகவரிகளாகத் தர வேண்டும்.

எந்தத் தளம், எந்தத் துறை

ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ், கூகுள் ஸ்கொலர் மூன்றும் ஒரே மனிதருக்கு மூன்று எண்களைத் தரும். முதல் இரண்டும் தெரிவுசெய்த மூலங்களை, பெரும்பாலும் ஆய்விதழ்களை, மட்டும் எண்ணுகின்றன. கூகுள் ஸ்கொலர் ஆய்வேடுகள், மாநாட்டுத் தொகுப்புகள், ஆய்விதழில் வருமுன்பே வெளியிடப்படும் முன்பதிப்புகள் எல்லாவற்றையும் எண்ணுவதால் அதன் எண் பெரும்பாலும் கூடுதல். நமது பல்கலைக்கழகங்களின் வருடாந்த ஆய்வரங்குத் தொகுப்புகள் அங்கே தெரியும், ஸ்கோபஸில் அநேகமாகத் தெரியாது. ஒரு விண்ணப்பதாரருக்குக் கூகுள் எண்ணையும் அடுத்தவருக்கு ஸ்கோபஸ் எண்ணையும் வைத்து ஒப்பிடுவது அநீதி. சந்தா இல்லாத இடத்தில் 2022இல் திறக்கப்பட்ட ஓப்பன்அலெக்ஸ் தரவுத்தளம் உதவும், அதில் இலவசமாகத் தேடலாம்.

துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் வேறு. நரம்பியல் கட்டுரைகளின் உசாத்துணைப் பட்டியல் கணிதக் கட்டுரைகளினதைவிட மிக நீளம். அதனால் அந்தத் துறையில் எல்லோருக்கும் மேற்கோள் கூடும். ஒரே பல்கலைக்கழகத்தின் கணித விரிவுரையாளரையும் உடற்றொழிலியல் விரிவுரையாளரையும் எச்சை வைத்து வரிசைப்படுத்துவது ஒருபோதும் சரியாகாது. இதற்குத்தான் துறை சார்ந்து சீராக்கிய அளவீடுகள் இருக்கின்றன. ஸ்கோபஸின் துறைநிறை மேற்கோள் தாக்கத்தில் 1.00 என்றால் அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரி. 1.40 என்றால் அதைவிட 40 சதவீதம் கூடுதல். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஐசைட் தளம் தரும் சார்பு மேற்கோள் விகிதத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட்டில் கட்டுரைக்குள்ள இலக்கத்தை அங்கே போட்டால் போதும். அங்கே 1.0 என்பது அந்நிறுவனங்களின் நிதியில் செய்யப்பட்ட கட்டுரைகளின் இடையம். எங்கள் வளங்களோடு அதைத் தொட்ட கட்டுரை ஒன்றிருந்தால் தயங்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். ஆனால் பப்மெட்டில் இல்லாத கட்டுரைக்கு இந்த அளவீடு இல்லை. மூன்று நான்கு கட்டுரைகளை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால் ஒரே கட்டுரை அதை எங்கேயோ இழுத்துச் சென்றுவிடும்.

நரம்பியலுக்குள்ளேயே இன்னொரு சரிவு இருக்கிறது, கருவிகளின் பக்கம். வலக்கையா இடக்கையா என்று அளக்கும் எடின்பரோ வினாக்கொத்தை ஓல்ட்ஃபீல்ட் 1971இல் வெளியிட்டார். ஞாபகத்தையும் அறிதிறனையும் சில நிமிடங்களில் சோதிக்கும் படிவத்தை ஃபோல்ஸ்டீனும் சக ஆய்வாளர்களும் 1975இல் வெளியிட்டார்கள். இரண்டும் துறையிலேயே மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளைச் சேர்ந்தவை, ஏனெனில் படிவத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் அவற்றைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம், நரம்புக் கணத்தாக்கத்தை, அதாவது நரம்பில் ஓடும் மின்சைகையை, விளக்கிய ஹொட்கின், ஹக்ஸ்லி ஆகியோரின் 1952ஆம் ஆண்டுக் கட்டுரைகள். நோபல் பரிசு கிடைத்து, பாடப்புத்தகத்தில் ஏறி, எல்லோருக்கும் தெரிந்த உண்மையான பிறகு அதைச் சொல்லும் பலர் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதே இல்லை. எண்ணிக்கையில் வராத இந்தத் தாக்கம்தான் மிகப் பெரிய தாக்கம்.

இலங்கையிலேயே ஓர் உதாரணம் உண்டு, வயலும் பூச்சிநாசினியும் உள்ள நம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கும் நெருக்கமானது. நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிநாசினியை அருந்திய 10 நோயாளிகள், அவ்வளவுதான். முதற்கட்ட ஆபத்து தாண்டி, 24 முதல் 96 மணித்தியாலங்களுக்குள் கழுத்துத் தசைகளும் சுவாசத் தசைகளும் செயலிழக்கும் இடைநிலை நோய்த்தொகுதியை அவர்கள் விபரித்தார்கள். நஞ்சருந்தியவர் தேறிவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அனுப்பாமல் விடுதியில் வைத்துச் சுவாசத்தைக் கண்காணிக்கும் வைத்தியர் யாரும் அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் எழுதுவதில்லை. ஆனாலும் அதன் பயன் அந்தக் கட்டிலில் இருக்கிறது. ஞாபகச் சோதனை ஒன்றை மட்டக்களப்புப் பேச்சுவழக்குக்கு ஏற்ப அமைத்துச் செல்லுபடியாக்கும் ஆய்வாளரையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அதை மேற்கோள் காட்டக்கூடியவர்களே உலகில் சிலர்தான்.

பெயர் வரிசையையும் பாருங்கள். உயிர்மருத்துவத் துறைகளில் முதற்பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வை வழிநடத்தியவர் என்பது வழக்கம். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பியவரின் கட்டுரைகள் எல்லாம் பழைய மேற்பார்வையாளர் கடைசியாக நிற்பவையா, திரும்பிய பின் தானே கடைசியாக நிற்பவையும் உண்டா? ஆய்வாளர் தன் காலில் நிற்கிறாரா என்பதை எச்சைவிட இது நன்றாகச் சொல்லும். எச்சை முதற்கட்டுரையிலிருந்து கடந்த ஆண்டுகளால் வகுக்கும் பழக்கமும் இருக்கிறது (14 ஆண்டுகளில் 7 என்றால் 0.5). மகப்பேற்று விடுமுறை எடுத்தவர்களையும், போர்க்காலத்தில் ஆய்வுகூடமின்றி வருடங்களை இழந்த நம் மூத்த தலைமுறையையும் அந்த வகுத்தல் தண்டிக்கும். இடைவெளி இருந்தால் அதை விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது.

ஆய்விதழின் எண் ஆளுடைய எண் அல்ல

இம்பாக்ட் ஃபேக்டர் ஆய்விதழுக்குரியது. கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது: 180 கட்டுரைகளுக்கு 540 என்றால் 3.0. அதிலும் சில கட்டுரைகளே பெரும்பகுதியைக் கொண்டுவரும். ஆகவே அந்த ஆய்விதழில் வந்த உங்கள் கட்டுரைக்கு 3 மேற்கோள் என்று எவரும் சொல்ல முடியாது. தனிமனிதரை மதிப்பிட இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் கேட்கிறது. உண்மையான இம்பாக்ட் ஃபேக்டரை வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே. “குளோபல்”, “யூனிவர்சல்” போன்ற அடைமொழியோடு வரும் எண்களைக் கண்டால் விலகுங்கள். ஸ்கோபஸில் இருப்பதாகச் சொல்லும் ஆய்விதழை ஸ்கோபஸின் மூலப்பட்டியலில் ஐஎஸ்எஸ்என் என்ற ஆய்விதழ் அடையாள இலக்கத்தைக் கொண்டு தேடி, இன்னும் சேர்க்கப்படுகிறதா அல்லது நிறுத்தப்பட்டுவிட்டதா என்று பார்த்தபின் பணம் கட்டுங்கள். நல்ல ஆய்விதழ் ஒன்றின் பெயரிலேயே போலி இணையத்தளமும் இருக்கலாம். எனவே மின்னஞ்சலில் வந்த இணைப்பால் போகாமல் மூலப்பட்டியலில் உள்ள இணைப்பால் போங்கள்.

மேற்கோள் கூடினால் ஆய்வு சரி என்றும் ஆகாது. அல்சைமர் நோய் பற்றி 2006இல் நேச்சர் ஆய்விதழில் வந்து ஏறத்தாழ 2,500 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையொன்று, படங்களில் கைவைக்கப்பட்டிருந்ததால் 2024 ஜூனில் மீளப்பெறப்பட்டது. அந்த மேற்கோள்கள் இன்னும் ஆசிரியர்களின் பக்கங்களில் எண்ணிக்கையாக நிற்கக்கூடும். முக்கியமான கட்டுரைகளைப் பப்மெட்டில் ஒருமுறை திறந்து, மீளப்பெற்ற அறிவித்தல் இருக்கிறதா என்று பாருங்கள்.

முகநூலில் வாழ்த்துப் பதாகைகளாக வரும் “உலகின் 2 சதவீத விஞ்ஞானிகள்” பட்டியல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோன் அயனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவிலிருந்து தயாரிப்பது. அதில் தனி ஆசிரியர், முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர் நிலைகளுக்குத் தனிக் கணக்கு இருப்பது நல்ல அம்சம். வாழ்நாள் பட்டியலும் ஓராண்டுப் பட்டியலும் வெவ்வேறு என்பதால் எதில் பெயர் வந்தது என்று சொல்லியே வாழ்த்துங்கள். பணம் கட்டிச் சேரும் தரவரிசைகளை இதோடு சேர்க்கக் கூடாது.

விண்ணப்பத்தில் இதையெல்லாம் ஒரு சிறு பந்தியில் எழுதிவிடலாம்: தரவுத்தளத்தின் பெயர், எடுத்த திகதி, கட்டுரைகள் எத்தனை, மேற்கோள்கள் தன்மேற்கோளோடும் அது இல்லாமலும் எத்தனை, எச் எவ்வளவு, முதற்பெயராகவும் கடைசிப் பெயராகவும் எத்தனை கட்டுரைகள், ஓர்கிட் இலக்கம். அதன் கீழே நீங்களே தெரிவுசெய்த மூன்று கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும்: எதைக் கண்டுபிடித்தீர்கள், அதில் உங்கள் கைவேலை எது, யார் அதை எங்கே பயன்படுத்துகிறார்கள். நேர்முகப் பரீட்சைக்கு முந்திய வாரம் எண்களைப் புதிதாக எடுத்து, திகதியையும் மாற்றிவிடுங்கள்.