சாம்ப்ளர்: மாதிரியா, கூறா?

பழைய ராக் கீபோர்டுகளின் ஒலியை இன்று மீட்டெடுப்பவர்களிடம் அதிகம் புழங்கும் சொல் சாம்ப்ளர். ஓர் ஒலியைப் பதிந்து வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தும்போது அதைத் திருப்பி ஒலிக்கும் கருவி அது. இப்போது பெரும்பாலும் மென்பொருளாகவே கிடைக்கிறது.

சொல்லின் வேர், 'எடுத்துக்காட்டு' என்று பொருள்படும் எக்ஸெம்ப்ளும் என்ற லத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியாக வரும்போது முதலெழுத்து உதிர்ந்து ஆங்கிலத்தில் சாம்பிள் ஆனது. சாம்ப்ளர் என்பது நெடுங்காலமாகப் பூத்தையல் துணிக்குப் பெயர். தையல் வகைகளைப் போட்டு வைத்துக்கொள்ளும் மாதிரித் துணி. 1598 என்று ஊசியாலேயே தேதி போட்ட ஒன்று லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இசைக்குள் இந்தச் சொல்லைப் பரப்பியது, சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கி 1979இல் வெளிவந்த ஃபேர்லைட் சிஎம்ஐ.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஆங்கிலத்தில் சாம்பிள் என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்களே, அதில் ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். முழுதாகப் பதிந்த ஒரு சுரமும் சாம்பிள்தான். தமிழில் இந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம். முன்னதைக் 'கூறு' என்போம்; ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரிப்பதைத்தானே கூறு போடுவது என்கிறோம். பின்னதற்கு 'ஒலிமாதிரி'. எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். 'துணி மாதிரி' என்றால் எடுத்துக்காட்டு. 'குயில் மாதிரி' என்றால் அதைப் போல. எடுத்துக்காட்டை எடுத்து, அதைப் போலவே ஒலிக்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? ஆகவே சாம்ப்ளர், 'ஒலிமாதிரிக் கருவி'.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மட்டும் இங்கே செல்லாது. மெலட்ரான் என்ற ஒலிநாடாக் கீபோர்டைப் பாருங்கள். 1960களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த அது, அந்தப் பெயர் வருவதற்கு முன்பே ஓர் ஒலிமாதிரிக் கருவி. அதன் எம்400 வகையில் 35 கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஒலிநாடா, சுமார் 8 நொடி ஓடும். பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' தொடக்கத்தில் கேட்கும் புல்லாங்குழல் மெலட்ரானுடையது. ஒவ்வொரு நாடாவின் நடுக்கமும் வேறு என்பதால், ஒரு சுரத்தை மட்டும் எடுத்து அதன் சுருதியை மேலும் கீழும் இழுத்தால் அந்த உயிர் போய்விடும். 35 கட்டைகளையும் தனித்தனியே பதிய வேண்டும். 8 நொடியில் ஒலி அறுவதையும் அப்படியே விட வேண்டும். அதே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி நீட்டினால் அது மெலட்ரானே இல்லை.

ஹேமண்ட் பி-3 ஆர்கன் இதைவிடப் பிடிவாதம். அதன் லெஸ்லி ஒலிபெருக்கியில் சுழலும் பகுதி எல்லாச் சுரங்களையும் ஒன்றாகச் சுழற்றும். சுழற்சியோடு சேர்த்து ஒவ்வொரு சுரத்தையும் பதிந்தால், மூன்று கட்டைகளை அழுத்தும்போது மூன்று ஒலிபெருக்கிகள் தனித்தனியே சுழல்வது போலக் கேட்கும். அதனால் சுழற்சி இல்லாமல் பதிந்து, லெஸ்லியைப் பிறகு சேர்க்கிறார்கள். அப்புறம் அதன் பெர்கஷன், அதாவது சுரத்தின் தொடக்கத்தில் வரும் தட்டல் போன்ற ஒலி: எல்லாக் கட்டைகளையும் விட்டு மறுபடி அழுத்தினால்தான் அது வரும். ஒவ்வொரு ஒலிமாதிரியிலும் அது ஒட்டிக்கொண்டிருந்தால், வாசிப்பவரின் விரல் உடனே பொய்யைக் கண்டுபிடித்துவிடும்.

இதனால்தான் பல ஹேமண்ட் மென்பொருள்கள் பதிந்த ஒலியை நாடாமல், அந்த ஆர்கனுக்குள் சுழன்று சுரங்களைப் பிறப்பிக்கும் 91 பற்சக்கரங்களின் ஒலியையும் கணக்கிட்டே உண்டாக்குகின்றன. அவற்றையும் சாம்ப்ளர் என்று அழைப்பது பிழை. அங்கே மாதிரி எடுக்கப்படவே இல்லை. 'கணிப்பொலிக் கருவி' என்று தனியாகச் சொல்லலாம்.