ஸ்டீவ் இர்வினும் திருக்கை முள்ளும்

கோத்தகிரியிலிருந்து பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஸ்டீவ் இர்வின் முதலை பிடிக்கும் வீடியோக்களை இப்போதுதான் பார்த்தேன். அவரை ஒரு திருக்கை கொன்றுவிட்டது என்று அண்ணன் சொன்னான். அது ஏன் அவரைக் கொன்றது? அப்புறம் அந்தத் திருக்கையை என்ன செய்தார்கள்?”

அந்த ஒரு திருக்கையை யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதன் இனத்தாரை விட்டுவைக்கவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இர்வின், ஆஸ்திரேலியாவில் விலங்குக்காட்சி சாலை நடத்திக்கொண்டே தொலைக்காட்சியில் வனவிலங்கு நிகழ்ச்சிகள் செய்தவர். 2006 செப்டம்பர் 4. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், போர்ட் டக்ளஸ் ஊருக்கு அப்பால் உள்ள பேட் ரீஃப் என்ற பவளத்திட்டு. ஆபத்தான கடல் உயிரினங்களைப் பற்றிய படத்துக்காக இர்வினும் குழுவினரும் போயிருந்தார்கள். வானிலை சரியில்லாமல் முக்கியப் படப்பிடிப்பு நின்றுபோக, மகளின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குச் சில காட்சிகளாவது எடுக்கலாம் என்று இர்வின் ஆழம் குறைந்த தண்ணீரில் இறங்கினார். பெரிய திருக்கை ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. கேமராக்காரர் அதற்கு முன்னால். இர்வின் பின்னாலிருந்து நெருங்கினார். திருக்கை சட்டென்று வாலைத் தூக்கிச் சில விநாடிகளுக்குள் பலமுறை குத்தியது. முள் நெஞ்சுக்குள் இறங்கி இதயத்தைக் கிழித்தது. அப்போது அவருக்கு வயது 44.

ஆஸ்திரேலியா உடைந்து அழுதது. அவருடைய விலங்குக்காட்சி சாலையின் வாசலில் பூக்கள் குவிந்தன. அவர் எப்போதும் அணியும் காக்கிச் சட்டையை மக்கள் கொண்டுவந்து வைத்து, அதன்மேல் எழுதிவிட்டுப் போனார்கள். சிட்னி துறைமுகப் பாலத்தில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்ய அரசு முன்வந்தபோது, என் மகன் சாதாரண மனிதன், அவனுக்கு அது வேண்டாம் என்றார் தந்தை. செப்டம்பர் 20 அன்று அந்த விலங்குக்காட்சி சாலையிலேயே நினைவுக்கூட்டம் நடந்தது.

இதற்கு நடுவில்தான் அந்தச் செய்தி வந்தது. குயின்ஸ்லாந்துக் கடற்கரைகளில் குறைந்தது பத்துத் திருக்கைகள் செத்துக் கிடந்தன. சிலவற்றுக்கு வால் வெட்டப்பட்டிருந்தது. பழிவாங்கல் என்றே பலரும் நினைத்தார்கள். இர்வின் நடத்திய வனவிலங்கு அமைப்பைச் சேர்ந்தவர்கள், அவர் இதை ஒருநாளும் விரும்பமாட்டார் என்று பேச வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க, யாருக்கும் பிடிக்காத விலங்குகளுக்காகப் பேசிய மனிதரின் பெயரால் இப்படி நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

சரி, வெட்டப்பட்ட அந்த வாலில் என்ன இருக்கிறது?

மலையில் இருப்பவர்களுக்குத் திருக்கை பெரும்பாலும் சந்தையில் கருவாடாகத்தான் பழக்கம். உயிரோடு இருக்கும்போது அது கடலடி மணலில் பாதி புதைந்து கிடக்கும். கண்கள் முதுகுப் பக்கம், வாய் வயிற்றுப் பக்கம். தான் தின்பதை அதனால் பார்க்க முடியாது. சுறாவின் உறவுக்காரனான அது, நண்டும் சிப்பியும் விடும் மெல்லிய மின் சமிக்ஞையை உணர்ந்து மணலுக்குள் தேடித் தின்கிறது. கண்களின் முழு வேலையும் மேலே யார் வருகிறார்கள் என்று கவனிப்பதுதான்.

வாலின் மேல்புறம் நிற்கும் முள் உண்மையில் ஒரு செதில். சுறாவின் தோலைத் தடவினால் சொரசொரவென்று இருக்குமே, அந்த நுண்ணிய செதில்களின் அமைப்பும் நம் பல்லின் அமைப்பும் ஒன்று. உள்ளே கூழ், அதைச் சுற்றிப் பல்திசு, மேலே எனாமல் போன்ற பூச்சு. அப்படி ஒரு செதில் நீண்டு, தட்டையாகி, கூராகிவிட்டால் அதுதான் திருக்கை முள். வாலில் ஒரு பல் முளைத்து அதுவே ஆயுதமாகிவிட்டது என்று சொன்னால் தப்பில்லை. இதை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

முள்ளின் இரண்டு ஓரங்களிலும் கருக்கரிவாளுக்கு இருப்பதுபோல வரிசையாகப் பற்கள். அவை உடலை நோக்கிப் பின்பக்கம் சாய்ந்திருப்பதால், உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். அடிப்பக்கத்தில் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள். விஷத்தை உண்டாக்கும் திசு அங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் மூடி மெல்லிய தோலுறை.

இப்போது கவனியுங்கள். பாம்புக்கு விஷப்பை உண்டு, குழாய் உண்டு, அழுத்தித் தள்ளத் தசையும் உண்டு. எவ்வளவு விஷம் விடுவது என்பதைக்கூட ஓரளவு அதனால் கட்டுப்படுத்த முடியும். விஷம் இல்லாமல் வெறும் கடியோடு விட்டுவிடுவதும் உண்டு. திருக்கைக்கு இதில் எதுவுமே இல்லை. முள் சதைக்குள் நுழையும்போது தோலுறை கிழிகிறது. உள்ளிருக்கும் திசு நசுங்கிச் சிதைந்து, விஷம் காயத்தில் கலக்கிறது. சிலசமயம் உறையின் துண்டுகள் காயத்துக்குள்ளேயே தங்கிவிடும். குத்துவது மட்டும்தான் திருக்கையின் வேலை, மீதியைக் கிழிசல் பார்த்துக்கொள்கிறது. முள் உடைந்தாலும் விழுந்தாலும் அடியிலிருந்து இன்னொன்று வளரும். அதனால் சில திருக்கைகளின் வாலில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று முட்கள் தெரியும்.

அந்த விஷம் புரதத்தால் ஆனது, சூட்டில் சிதைவது. அதனால்தான் திருக்கை குத்திய காலை, பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அமிழ்த்தி வைக்கச் சொல்கிறார்கள். தாங்க முடியாத வலி பெரும்பாலும் அதில் அடங்கும். காயத்தை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். குத்துகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும் விழுபவை, மரணம் மிக மிக அரிது. இர்வினைக் கொன்றது விஷம்கூட அல்ல, முள் போய்ச் சேர்ந்த இடம்.

இந்த ஆயுதம் யாருக்காக உருவானது? பெரிய சுத்தியல்தலைச் சுறா திருக்கையை விரும்பித் தின்னும். மேலிருந்து வந்து, அகன்ற தலையால் அதைக் கடலடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு கடிக்கும். வாய்ப்பகுதியில் கிட்டத்தட்ட நூறு திருக்கை முட்கள் குத்தி நின்ற ஒரு சுறாவையே பிடித்திருக்கிறார்கள். மேலேயும் பின்னாலேயும் ஒரு பெரிய உருவம், முன்னால் இன்னொன்று, கீழே தரை, தப்பிக்க ஆழமும் இல்லை. இந்த நிலையில் திருக்கையின் வாலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அங்கே இருந்தது மனிதனா, நல்லவனா, தன் இனத்துக்காகப் பேசுகிறவனா என்ற கேள்வியெல்லாம் அதன் நரம்புகளில் எழ வழியே இல்லை.

ஸ்விட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தூரம் உண்டு. அதற்குள் நாம் போனால் அது விலகி ஓடும். ஓட வழியில்லாமல் இன்னும் நெருங்கினால் திருப்பித் தாக்கும். குன்னூரிலும் கொடைக்கானலிலும் தேயிலைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே நிற்கும் காட்டெருமையிடம் செல்ஃபி எடுக்கப் போகிறவர்கள் அந்த இரண்டாவது தூரத்துக்குள் கால் வைக்கிறார்கள். மறுநாள் “காட்டெருமை வெறியாட்டம்” என்று செய்தி வருகிறது. வெறி எங்கே வந்தது? வழியை மறித்தது யார்?

2014 ஜனவரியில் தொட்டபெட்டா பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியைச் சுட்டதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். மனிதர்களைத் தொடர்ந்து கொன்ற ஒரு குறிப்பிட்ட விலங்கைப் பற்றிய முடிவு அது. தோட்டத்தில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டால் அடுத்த ஒரு வாரம் கண்ணில் படும் பாம்பையெல்லாம் அடிப்பது வேறு. அதில் சாகிறவற்றில், மண்புழு தின்று பிழைக்கும், வால் மொட்டையான விஷமற்ற சின்ன மண் பாம்புகளும் உண்டு. அவற்றில் பல இனங்கள் இந்த மேற்குத் தொடர்ச்சி மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. கேட்டால், “விட்டால் பழிவாங்கும்” என்பார்கள். பாம்பு மனிதனை அடையாளம் வைத்து, தேடி வந்து கடிக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. இந்தக் கதையை இன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பதை நிறுத்த வேண்டும்.

கோபத்தைக் காட்ட வேறு இடம் இருக்கிறது. நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்பு விஷமுறி, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தை வைத்துத் தயாரிக்கப்படுவது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள, பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. அது 1978-இல் தொடங்கியது. ஆனால் மலைத் தோட்டங்களில் கடிப்பவற்றில், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குழி உள்ள குழிவிரியன்கள் முக்கியமானவை. அவற்றின் விஷத்துக்கு இந்த மருந்தை நம்ப முடியாது. கூம்புமூக்குக் குழிவிரியன் கடித்தால் சிறுநீரகமே செயலிழக்கக்கூடும். கொழுந்து பறிக்கும் பெண்களின் கை நாள் முழுவதும் அந்தச் செடிகளுக்குள்தான் இருக்கிறது. குழிவிரியன் விஷத்தை ஆராய்ந்து அதற்கென்று மருந்து செய்யத் தேவையான பணத்தை அரசு ஒதுக்க வேண்டும். அதுவரைக்கும் தோட்ட நிர்வாகங்கள் முழங்கால் பூட்ஸும், பறிக்கும் முன் செடியைத் தட்டிப் பார்க்க ஒரு நீளக் குச்சியும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கட்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.