பிரீபெய்டு கைபேசியில் போஸ்ட்பெய்டு சிம்: பூட்டு எங்கே இருக்கிறது?

ஆனித் தேரோட்டத்துக்காக அமெரிக்காவிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த அத்தான், அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்த பிரீபெய்டு கைபேசி ஒன்றை மாமாவுக்காக வாங்கி வந்திருந்தார். மாமா பல ஆண்டுகளாக வைத்திருக்கும் போஸ்ட்பெய்டு சிம்மை அதில் இட்டதும், சிம்மை ஏற்க இயலாது என்று திரை காட்டியது. பிரீபெய்டு கைபேசியில் பில் கட்டும் சிம் எடுக்காது என்று வண்ணார்பேட்டைக் கடையில் சொன்னார்கள். முடிவு சரிதான், காரணம் வேறு.

மளிகைக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறோமா, பற்று எழுதி வாங்குகிறோமா என்பது கையிலுள்ள பைக்குத் தெரியாது. கடைக்காரரின் நோட்டுக்குத்தான் தெரியும். சிம்மில் பொதுவாக 15 இலக்கங்கள் கொண்ட அடையாள எண்ணும், 128 பிட் நீளமுள்ள இரகசியச் சாவியும் உள்ளன. தொலைத்தொடர்பு நிறுவனம் அனுப்பும் ஏதோ ஓர் எண்ணை அந்தச் சாவியைக் கொண்டு சிம் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்ப, சாவி வெளியே செல்லாமலே வாடிக்கையாளர் இன்னார் என்பது உறுதியாகிவிடுகிறது. அதன்பின் பிரீபெய்டு என்றால் இருப்பைப் பார்த்துச் சிறிது சிறிதாகப் பேச விடுவதும், போஸ்ட்பெய்டு என்றால் குறித்துவைத்து மாதக் கடைசியில் பில் போடுவதும் நிறுவனத்தின் கணினிகளே. இதில் கைபேசிக்குப் பங்கில்லை.

அப்படியானால் மறுத்தது எது? அமெரிக்காவில் பிரீபெய்டு கைபேசிகளைப் பெரும்பாலும் விலை குறைத்து விற்று, அந்தப் பணத்தை ரீசார்ஜில் மீட்கிறார்கள் என்பதால், வேறு சிம்மை ஏற்காதவாறு அவற்றைப் பூட்டிவிடுகிறார்கள். கைபேசியை இயக்கியதும், கோபுரத்தோடு தொடர்புகொள்ளும் அதன் மோடம் என்ற பகுதி சிம்மின் அடையாள எண்ணின் முதல் 5 அல்லது 6 இலக்கங்களைப் படிக்கிறது. இந்திய சிம் 404 அல்லது 405 என்று தொடங்கும். அமெரிக்க எண்கள் 310 முதலான வரிசையில் வரும். பொருந்தாவிட்டால் கதவு திறக்காது. என்னை வியக்கவைத்தது இதற்கும் நுண்ணிய ஒரு பூட்டு: அந்த சிம் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று சொல்லும் குழுக்குறியீடு என்றொரு சிறு கோப்பு சிம்மிலேயே உண்டு, அதையும் ஒப்பிடுமாறு அமைத்துவிட்டால், அதே கோபுரத்தைப் பயன்படுத்தும் அதே நிறுவனத்தின் ஒப்பந்தக் கணக்கு (போஸ்ட்பெய்டு) சிம்மைக்கூட பிரீபெய்டு கைபேசி மறுத்துவிடும்.

சிடிஎம்ஏ என்ற பழைய தொழில்நுட்பத்தில் இயங்கிய, சிம் இல்லாத கைபேசிகளில் பூட்டு நிறுவனத்தின் பதிவேட்டிலேயே இருந்தது. கைபேசிக் கருவியின் சொந்த அடையாள எண் அங்கே பிரீபெய்டு என்று பதிவாகியிருந்தால், அதை ஒப்பந்தக் கணக்கில் சேர்க்க மறுக்க முடிந்தது. நம் ஊரில் 2003 வாக்கில் பரவிய ரிலையன்ஸ் சிடிஎம்ஏ கைபேசிகளும், 2017இல் வந்த ஜியோபோனும் அந்தந்த நிறுவனத்தோடு கட்டுண்டவையே. மற்றபடி இங்கே கைபேசியையும் சிம்மையும் தனித்தனியே வாங்கிப் பழகியதால், இப்பூட்டு நமக்கு அந்நியமாகத் தெரிகிறது.

புதிய கைபேசிகள் பலவற்றில் பூட்டின் நிலை தயாரிப்பாளரின் சர்வரில் பதிவாகியிருப்பதால், உள்ளூர்க் கடையில் திறக்க முயல்வது வீண்செலவு. விற்ற நிறுவனத்திடம் அத்தானே கேட்பதுதான் முறை. பிரீபெய்டு கைபேசிகளை இயக்கத் தொடங்கி ஓராண்டுக்குள் வேண்டுவோருக்குத் திறந்துவிடுவதாக அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் முன்பே ஒப்புக்கொண்டுள்ளன. திறந்த பிறகும், 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற இந்திய 4ஜி அலைவரிசைகளும் 4ஜி வழியே பேச உதவும் வோல்ட்டி வசதியும் அதில் உண்டா என்று மாமா பார்த்துக்கொள்ள வேண்டும்.