கொஞ்சும்போது உங்கள் நாய் என்ன சொல்கிறது?

இரண்டு கோடைக்கு முன்னால், ஒரு மே மாதக் காலையில் தாராபுரம் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றிலிருந்து போன் வந்தது. "டாக்டருங்க, மணி பேரனை ஒதட்டுல கடிச்சுப்போட்டுதுங்க. வெறி புடிச்சிருக்குமுங்களா?" மாடு சினை பிடிக்கவில்லை, ஆடு கழிகிறது என்று பல வருடங்களாக என்னைக் கூப்பிடுகிற வீடு அது. பேசிய ஆத்தாவுக்கு எழுபது வயதிருக்கும். குரல் நடுங்கியது.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள், கழுவியதும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். முகத்தில் கடி என்பதால் தடுப்பூசியோடு, உடனடி எதிர்ப்பாற்றல் தரும் இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்தால், தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வரும். ஒன்றையும் தவறவிடக் கூடாது. நாய்க்கு வருடாவருடம் ஊசி போட்டிருந்தாலும் கடித்தபின் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கக் கூடாது.

சாயந்திரம் நான் போனபோது மணியைக் கட்டுத்தரை ஓரத்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். பத்து நாள் கவனித்துப் பார்க்கச் சொன்னேன். பத்து நாளும் நன்றாகத் தின்று, நன்றாகக் குடித்து, வழக்கம்போலவே இருந்தது. வெறி இல்லை. ஒன்பது வருடமாக ஒருவரையும் கடிக்காத நாய் பிறகு ஏன் கடித்தது? விடுமுறைக்குக் கோவையிலிருந்து வந்திருந்த பையனின் அம்மா, அவன் நாயைக் கொஞ்சுவதைச் செல்போனில் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வீடியோவை வாங்கி மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.

பையன் மண்டி போட்டு, மணியின் கழுத்தை இரண்டு கையாலும் வளைத்து, முகத்தோடு முகம் வைக்கிறான். மணி தலையை வேறு பக்கம் திருப்புகிறது. அவன் விடவில்லை. நாக்கை நீட்டித் தன் மூக்கை நக்கிக்கொள்கிறது. தூக்கமில்லாத நேரத்தில் ஒரு கொட்டாவி. காதுகள் பின்னால் போய் ஒட்டிக்கொள்கின்றன. கடைக்கண்ணில் வெள்ளை, பிறை மாதிரி தெரிகிறது. அப்புறம் உடம்பு முழுக்க விறைத்து அசையாமல் நிற்கிறது. பையன் முத்தம் கொடுக்க இன்னும் நெருங்குகிறான். அதற்குப் பிறகுதான் கடி. பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் ஆறு தடவை 'விடு' என்று சொல்லியிருக்கிறது மணி. சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதை நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கடிபட்ட குழந்தை உள்ள வீடுகளில் நான் அதிகம் கேட்கிற வார்த்தை 'திடீர்னு'. என் அனுபவத்தில் திடீரென்று கடிக்கிற நாய் மிக மிக அபூர்வம்.

நாய்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து அன்பு காட்டுவதில்லை. பக்கவாட்டில் வரும், மோந்து பார்க்கும், உரசிக்கொண்டு நிற்கும். கழுத்தைச் சுற்றிக் கை விழுந்தால் தப்பிக்கிற வழி அடைபட்டதாகத்தான் பல நாய்களுக்குப் படும். தன்னை வளர்த்தவரின் பிடியைச் சில நாய்கள் பொறுத்துக்கொள்ளும், சில ரசிக்கவும் செய்யும். ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை வருகிற சின்னப் பையனின் பிடி வேறு. குழந்தைகளுக்கு நான் சொல்லும் விதி கண்டிப்பானது: நாயின் முகத்தோடு முகம் வைக்காதே, தின்னும்போதும் தூங்கும்போதும் தொடாதே. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தையையும் நாயையும் தனியாக ஓரிடத்தில் விட்டுவிட்டு அடுப்படிக்குக்கூடப் போகாதீர்கள்.

சரி, அப்படியானால் பாசத்தை எப்படிக் காட்டுவது? அதே வீட்டு ஆத்தாவிடம்தான் நான் அதைப் பார்த்தேன். பொழுது சாய்ந்ததும் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்காருவார். மணி தானாக வந்து அவர் காலில் சாய்ந்து நிற்கும். அவர் அதன் நெஞ்சையும் காதடியையும் மெதுவாகச் சொறிவார். பேச்சுக்கு நடுவே கை நின்றுவிடும். மணி மூக்கால் கையைத் தள்ளும். மறுபடி சொறிவார். போதும் என்றானதும் மணி எழுந்து பட்டிப் பக்கம் போய்விடும். அவர் திரும்பக் கூப்பிட மாட்டார். "அதுக்கு வேணும்னா வருமுங்க சாமி" என்றார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த எனக்கு, ஒரு நாயிடம் அனுமதி கேட்பதை இவ்வளவு சுலபமாகக் காட்டியவர் அவர்தான்.

அதை நீங்கள் இன்றைக்கே செய்து பார்க்கலாம். நாயை நோக்கிப் போகாமல் உட்காருங்கள், அது வரட்டும். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சிலோ தோளிலோ மூன்று நான்கு விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நெருங்கி வந்தால், சாய்ந்தால், காலால் சுரண்டினால் இன்னும் வேண்டும் என்று பொருள். அப்படியே நின்றாலோ முகத்தைத் திருப்பினாலோ இப்போதைக்குப் போதும் என்று பொருள். ஒரு வாரம் இப்படிச் செய்தால், விலகி விலகிப் போன நாய்கூடத் தானாக வந்து பக்கத்தில் உட்காருவதைப் பார்க்கலாம். தான் 'வேண்டாம்' என்றால் இந்த ஆள் விட்டுவிடுவார் என்ற நம்பிக்கை வந்தபின்தான் நாய் பயமில்லாமல் பக்கத்தில் வரும்.

ஆய்வுகளும் இதற்கு ஒத்தே பேசுகின்றன. 2015இல் ஜப்பானின் மிஹோ நாகசாவா குழு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், வளர்த்தவரும் நாயும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டபோது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடாசின் கூடியது. தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பில் வேலை செய்கிற ஹார்மோன் அது. ஆனால் அந்தப் பார்வை பழகியவர்களுக்குள் மட்டும் நடப்பது. அறிமுகமில்லாத நாயை உற்றுப் பார்த்தால் அது மிரட்டலாகிவிடும். அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில், வாய்ப் பாராட்டா தடவலா என்று தேர்ந்தெடுக்க விட்டபோது நாய்கள் தடவல் இருந்த பக்கமே நின்றன.

நம் ஊரில் பாசம் பெரும்பாலும் தீனியாகத்தான் போகிறது. கோவையிலிருந்து வரும் லேப்ரடார்களில் பலவற்றுக்கு விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுவதில்லை. காலையில் டீயோடு வர்க்கி, மத்தியானம் சிக்கன் குழம்புச் சோறு, ராத்திரி பன். குழம்பில் உள்ள வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை, பாயசத்தில் போடுகிற உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் எல்லாமே நஞ்சு. வெந்த கோழி எலும்பு குடலில் குத்தும். ஆசையாகக் கொடுக்க வேண்டுமென்றால், அதன் அன்றாடச் சாப்பாட்டிலேயே ஒரு கைப்பிடி எடுத்துவைத்து, கூப்பிட்டவுடன் வரும்போது ஒவ்வொன்றாகக் கையால் கொடுங்கள்.

தோட்டத்து நாய்களின் சங்கதி வேறு. மோட்டார் ரூம் பக்கத்தில் பகல் முழுக்கக் கட்டி, ராத்திரி அவிழ்த்துவிடுவது பழைய வழக்கம். பட்டி ஆடுகளுக்குக் காவல் வேண்டும், எனக்கும் தெரியும். ஆனால் சங்கிலி தொட்டு நீள்கிற வட்டம் மட்டுமே உலகமாக இருக்கும் நாய்க்குச் சலிப்பும் பயமும் சேர்ந்து, பிறகு யாரைக் கண்டாலும் பாய்கிற குணமாகிவிடுகிறது. வெயிலுக்கு முன்னால் அரை மணி நேரம் கிளுவை வேலி ஓரமாகக் கூட்டிப் போங்கள். இழுக்காதீர்கள், அது மோந்து பார்க்கட்டும். ஒரு புதரில் இரண்டு நிமிடம் நின்றாலும் நில்லுங்கள். மோப்பம்தான் அதற்குச் செய்தித்தாள். நகரத்தில் இருப்பவர்கள் தார்ரோட்டில் முதலில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

இன்னொன்றைத் தீபாவளிக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் முன்னால் சொல்லியாக வேண்டும். வெடிச்சத்தத்தில் நடுங்கும் நாயைத் தடவினால் பயம் பழக்கமாகிவிடும் என்று பலர் விலக்கிவைக்கிறார்கள். அது தவறு. பயம் ஒரு உணர்ச்சி; ஆறுதல் சொன்னால் வளராது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் அங்கேயே விடுங்கள், மடியில் ஏறினால் ஏறட்டும், கூட இருங்கள்.

தினமும் தடவுகிற கைக்கு இன்னொரு பலனும் உண்டு. காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்குக் கீழே உண்ணி இருந்தால் தட்டுப்படும். எர்லிக்கியா என்ற காய்ச்சலை உண்ணிதான் கொண்டுவருகிறது. தீனி குறைவது, சோர்வு, சில சமயம் மூக்கில் ரத்தம் என்று வந்தால் தாமதிக்கக் கூடாது. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை உத்தேசமாகக் கலந்து நாய்மேல் பூசாதீர்கள், நக்கி விஷமாகிவிடும். நேற்றுவரை கொஞ்ச விட்ட நாய் இன்றைக்குத் தொட்டால் உறுமுகிறது என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கேயோ வலிக்கிறது. காதில் சீழ், பல்லில் புண், இடுப்பு மூட்டு வலி என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் அகப்படும். உறுமினதற்காக அடித்தால், அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

போன கோடையில் மணிக்கு வருடாந்தர ஊசி போடப் போயிருந்தேன். அந்தப் பையனும் விடுமுறைக்கு வந்திருந்தான், மேலுதட்டில் மெல்லிய தழும்பு. பக்கத்தில் வரத் தயங்கினான். "கிட்ட போவாத கண்ணு, இங்கயே ஒக்காரு, அது வரட்டும்" என்றார் ஆத்தா. திண்ணையில் பக்கவாட்டாக உட்கார்ந்து கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் மணி வந்து அவன் செருப்பை மோந்தது, முழங்காலை மோந்தது, பக்கத்தில் நின்றது. நெஞ்சில் நான்கு விநாடி தடவிவிட்டு, வாயால் எண்ணிக்கொண்டே கையை எடுத்தான். மணி மூக்கால் அந்தக் கையைத் தள்ளியது. அவன் தடவிக்கொண்டிருக்கும்போதே ஊசியைப் போட்டுவிட்டு, அடுத்த வருடத் தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.