புண் ஆறியும் ஆபத்து ஏன் போகவில்லை?

"கேலாங்குக்கு வெளிநாட்டுப் பெண்கள் வருவதால்தானே எச்ஐவி பரவுகிறது?" என்று யீஷூன் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். கேலாங், சிங்கப்பூரில் பாலியல் தொழில் விடுதிகள் இருக்கும் பகுதி. இதே எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கும்.

பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வசதி குறைந்த நாடுகளில், வெளியிலிருந்து வந்த பெண்களிடம் உள்ளூர்ப் பெண்களைவிட எச்ஐவி அதிகம். வசதியான நாடுகளிலோ பொதுவாகக் குறைவு. ஆனால் அங்கே கொனோரியா போன்ற மற்ற பால்வினை நோய்கள் அவர்களிடம் கூடுதலாக இருக்கின்றன. எச்ஐவி குறைவுதானே என்று நிம்மதி அடைய முடியாது. ஏன் என்பது உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால் புரியும்.

எச்ஐவி உள்ள, சிகிச்சை எடுக்காத ஆணிடமிருந்து ஆணுறை இல்லாத ஓர் உறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு, சராசரியாக 10,000-க்கு 8 தான். இந்த வைரஸ் எந்தச் செல்லிலும் நுழைந்துவிடாது. மேற்பரப்பில் சிடி4 என்ற புரதமும், பெரும்பாலும் சிசிஆர்5 என்ற இன்னொன்றும் சேர்ந்திருக்கும் நோய் எதிர்ப்புச் செல்தான் அதற்கு வேண்டும். ஆரோக்கியமான பிறப்புறுப்புத் திசுவில் அவை குறைவு. வேறு கிருமி புகுந்து அழற்சி வந்தால் எதிர்ப்புச் செல்கள் அங்கே திரளும். அப்படித் திரள்பவற்றில் எச்ஐவி தேடும் அதே செல்களும் இருக்கும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஹெர்பீஸ் கதை. பிறப்புறுப்பில் புண்களை உண்டாக்கும் வைரஸ் நோயான ஹெர்பீஸ் இருப்பவர்களுக்கு எச்ஐவி எளிதில் தொற்றுவது முன்பே தெரியும். புண் வழியாகத்தான் எச்ஐவி உள்ளே போகிறது, அசைக்ளோவிர் என்ற ஹெர்பீஸ் மருந்தைக் கொடுத்துப் புண்ணைக் குறைத்தால் எச்ஐவியும் குறையும் என்று நம்பினார்கள். ஆப்பிரிக்கா, பெரு, அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2008-ல் வந்தது. புண்கள் குறைந்தன, எச்ஐவி தொற்று குறையவில்லை!

அமெரிக்காவின் சியாட்டிலில் வைரஸ் ஆய்வாளர் லாரன்ஸ் கோரியும் அவருடைய சகாக்களும் ஆறிய புண் இருந்த இடத்திலிருந்து துளித் தோல் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மேலே தோல் முழுதாக மூடியிருந்தது. அடியிலோ, ஹெர்பீஸை எதிர்க்க வந்த சிடி4 செல்கள் கூட்டமாக நின்றன. பலவற்றில் சிசிஆர்5 இருந்தது. தினமும் மருந்து எடுத்தவர்களிடமும் மாதக் கணக்கில் அவை கலையவில்லை. தீ அணைந்து வெகுநாளாகியும் தீயணைப்பு வண்டிகள் தெருவை விட்டுப் போகாமல் நின்ற மாதிரி. இந்த முடிவு 2009-ல் வெளியானது. தோற்றுப்போன சோதனையைப் பார்த்து "ஏன் தோற்றது?" என்று கேட்பவருக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே பாலியல் தொழில் விடுதிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு 1976 முதல் மருத்துவக் கண்காணிப்புத் திட்டம் உண்டு. 1990-களில் பேராசிரியர் வோங் மீ லியானின் குழு, மறுக்கும் வாடிக்கையாளரை ஆணுறைக்கு எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று அவர்களுக்குப் பேசிப் பழக்கியது. தொடக்கத்தில் பாதிக்கும் குறைவானவர்களே தவறாமல் ஆணுறை பயன்படுத்தினார்கள். 2002-ல் அது 90 சதவீதத்தைத் தாண்டியது, கொனோரியாவும் வெகுவாக இறங்கியது.

குறுகிய காலம் தங்குவதற்கான சமூக வருகை அனுமதியில் வந்து, விடுதிக்கு வெளியே தொழில் செய்யும் பெண் இந்தத் திட்டத்துக்குள் வரமாட்டார். பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் மருந்தகப் பக்கமே போகமாட்டார். ஆணுறை வேண்டாம் என்று கூடுதல் காசு நீட்டுபவரிடம் எவ்வளவு நேரம் வாதாட முடியும்? அவருக்குத் தொற்றைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் இந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். இதைப் பாவத்தின் தண்டனை என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கிருமிக்குப் பாவமும் தெரியாது, கடப்பிதழும் தெரியாது.

கொனோரியா வந்த பல பெண்களுக்கு அறிகுறியே தெரியாது. சோதித்தால்தான் உண்டு. பெயர் சொல்லாமல் எச்ஐவி சோதனை செய்துகொள்ளும் வசதி இங்கே இருக்கிறது. கடப்பிதழ் கேட்காமல் கொனோரியா சோதனையும் சிகிச்சையும் இதே போலப் பரவலாகக் கிடைக்க வேண்டும். சோதிக்க ஒரு பஞ்சுக் குச்சி, குணப்படுத்தப் பெரும்பாலும் ஒரே ஓர் ஊசி. செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போட இதில் ஒன்றும் இல்லை.