பிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள்

போன மாதம் ஒருவர் தன் அப்பாவின் மூளை எம்ஆர்ஐயை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் எடுத்த படங்கள். கட்டியின் எல்லையைக் கணினியில் அளக்க வேண்டும், ஸ்கேன் கோப்புகள் பதிந்த டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டேன். "பிலிம்தான் இருக்கே டாக்டர்னு டிஸ்க்கை வாங்காம வந்துட்டோம்" என்றார். மறுபடி ஸ்கேன், மறுபடி செலவு. கதிரியக்க மருத்துவராக இதை அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது.

ஸ்கேன் இயந்திரம் சேகரிப்பது எண்களை. அவற்றைக் கணக்கிட்டுப் படமாக்குவது கணினி. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுத்தபோது, அளவுகளைக் காந்த நாடாவில் பதிந்து, வேறிடத்திலிருந்த பெரிய கணினிக்குக் கொண்டுபோய்த்தான் படமாக்கினார்கள். ஒரு படத்துக்கு 80க்கு 80 கட்டங்கள். இன்று பொதுவாக 512க்கு 512. ஒரே பரிசோதனையில் இப்படி நூற்றுக்கணக்கான படங்கள். ஆனாலும் சில நிமிடங்களில் திரையில் வந்துவிடுகின்றன. கணினிக்குள் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்கள் வேலையைப் பங்குபோட்டு ஒரே நேரத்தில் செய்வதுதான் காரணம். இந்த வேகம் நோயாளிக்கும் நல்லது. சிடி ஸ்கேனைக் குறைந்த கதிர்வீச்சில் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாக இருக்கும். திரும்பத் திரும்பக் கணக்கிட்டு அதைத் தெளிவாக்க இப்போது முடிகிறது.

அப்புறம், கணக்கு ஒரே கட்டடத்துக்குள் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டியின் எல்லையை வரைய ஆய்வாளர்கள் ஒரு மென்பொருளைப் பழக்கினார்கள். 6 கண்டங்களில் 71 இடங்கள், 6,314 நோயாளிகள். ஆய்வு 2022இல் வெளியானது. ஒரு நோயாளியின் படம்கூட அந்தந்த இடத்தை விட்டு வெளியே போகவில்லை. மென்பொருள்தான் ஒவ்வோர் இடத்துக்கும் போய்க் கற்றது. கற்றதை மட்டும் ஒன்றுசேர்த்தார்கள். எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிறது. அந்த அப்பாவுக்குத் தேவைப்பட்டதும் இதே எல்லைக்கோடுதான்.

ஆனால் இப்படிப்பட்ட எந்த மென்பொருளுக்கும் மூல எண்கள் வேண்டும். ஸ்கேன் கோப்பில் பொதுவாக 4,096 சாம்பல் நிலைகள் இருக்கும். செல்போன் படத்தில் 256தான். பிலிமில் எல்லாப் படங்களும் இருப்பதும் இல்லை.

எனவே ஸ்கேன் எடுத்த இடத்தில் 'டைகாம் கோப்புகள்', அதாவது ஸ்கேன் படங்களை அவற்றின் எண்களோடு சேமித்த கணினிக் கோப்புகள், வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் டிஸ்க் திறக்கிறதா என்று பாருங்கள். பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும். அதனால் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடாமல், மருத்துவரிடம் நேரில் கொடுங்கள்.